மங்கை

அவள் பெயர் ஸ்பொக்மை.
மெய்யெழுத்தில் தொடங்க என் நாக்கு மறுக்கும்.
முன்னால் ஓர் இகரம் ஒட்டி
இஸ்பொக்மை என்பேன்.
நிலா என்று அர்த்தமாம்.
ஆட்டோக்காரனுக்கு அது போதும்.

பூந்தோட்டம் முகாம் வாசலோடு நிறுத்திவிடுவேன்,
உள்ளே போவதில்லை.
அங்கே மூன்றாம் மண்டபத்தில்
பதினெட்டு மாதம் எனக்குப் புனர்வாழ்வு தந்தார்கள்.
காலையில் வரிசையில் நிற்க வைத்துப் பாடச் சொல்வார்கள்.
வாயை மட்டும் அசைப்பேன்.

நீர்கொழும்பில் குண்டு வெடித்த கிழமை
வீட்டுக்காரன் அவள் சாமான்களை
வீதியில் வைத்துவிட்டான்.
பிறகு ஒரு இரவு பஸ். பிறகு இங்கே.
எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில்:
அவள் மீன் வாங்கப் படித்தது,
நான் எண்ணிக்கைக்கு நின்று படித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகவர
துண்டு துண்டாகச் சொன்னாள்.
பதின்மூன்று வயதில்
கலியாண வீட்டு மருதாணி இரவுகளில்
திரைக்குப் பின்னால் பாடினாளாம்.
திரைக்கு அப்பால் எவனோ கசெற்றில் பிடித்துவிட்டான்.
பெஷாவர் முழுக்க விற்றது.
அட்டையில் ஒரு நடிகையின் முகம்,
பெயர் போடும் இடத்தில் 'ஒரு சகோதரி'.
பிறகு மூன்று வருடம் வானொலி,
பாட்டுக்கு நாற்பது ரூபாய்.
அவள் போகாத கணவாய்களுக்கெல்லாம்
லொறிக்காரர்கள் அவள் குரலைக் கொண்டுபோனார்கள்.
ஒரு வெள்ளிக்கிழமை கசெற் கடை எரிந்தது.
கதவுக்குக் கீழால் கடிதம் வந்தது.
ஆர்மோனியத்தின் துருத்தியை
அண்ணனே கிழித்தான்.
"அவனுக்குப் பயம்" என்றாள்,
அவன் முழங்கால் நோவைப் பற்றிச் சொல்வதுபோல.

லேசான ஆளில்லை.
கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டு,
இவளுக்கு மூச்சு வயிற்றிலிருந்து வரவில்லை
என்று முகம் சுளிப்பாள்.
காசைக் குறைக்கச் சொல்லி
ஒவ்வொரு தரமும் சண்டை.

ஒருநாள் சந்தைப் பக்கம் திருப்பச் சொன்னாள்.
பானைக் கடையில் குந்தி
ஒவ்வொன்றாகத் தட்டினாள்.
"ஒன்றிலும் வெடிப்பில்லை பிள்ளை" என்றார் கடைக்காரர்.
அவள் வெடிப்புத் தேடவில்லை.
பதினேழாவது பானையில் கண்ணை மூடினாள்.
விலை முந்நூற்றைம்பது. அவளிடம் இருநூறு.
மிச்சத்தை நான் போட்டுக் கொப்பியில் எழுதினேன்.

பானைக்கு அவர்கள் மொழியில் மங்கை என்று பெயர்.
கேட்டதும் சிரித்துவிட்டேன்,
எங்களுக்கு மங்கை யாரென்று சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
வாய்க்கு ரப்பர் கட்டவேண்டும், எடு என்றாள்.
ஓமந்தை ரோட்டில் நாலு ஒட்டுப்போட்ட
முன்சக்கரத்து ரியூப்பை வெட்டிக் கொடுத்தேன்.

வைரவபுளியங்குளத்துக் கட்டில் நிறுத்தினேன்.
பின்சீற்றில் மங்கையை மடியில் வைத்து,
ஒரு கை ரப்பரில், ஒரு கை மண்ணில்.
இரண்டே வரிதான் பாட்டு.
முதல் வரிக்கு ஒன்பது அசை, அடுத்ததற்குப் பதின்மூன்று,
முடிவில் ஒரு 'மா' அல்லது 'னா' வரவேண்டும்.
என்ன அர்த்தம் என்றேன்.
மீன்சந்தைச் சிங்களத்தில் தேடித் தேடிச் சொன்னாள்:
தலையை மெதுவாகச் சீவு தோழி,
மயிருக்குள் இன்னும் ஊர்த் தூசி இருக்கு.

குளத்தில் மாடு கழுவியவன் நிமிர்ந்து பார்த்தான்.
முப்பது வருடத்தில்
அவள் பாடுவதைப் பார்த்த முதல் ஆம்பிளைகள்
நாங்கள் இருவராகத்தான் இருக்கும்.
மாட்டுக்காரன் திரும்பவும் கழுவத் தொடங்கினான்.

கனடா விசா வந்தது.
பானை பிளேனில் உடையும் என்றார்கள்.
ரியூப்பைக் கழற்றிப் பையில் வைத்தாள்,
பானை பின்சீற்றிலேயே இருந்தது.
நூற்றைம்பது ரூபாய் பாக்கியும்.

மாசியில் வின்னிபெக்கிலிருந்து ஒரு குரல் பதிவு.
தட்டுவது வாளி போலிருந்தது.
இரண்டு வரி.
கடைசிச் சொல் மட்டும் விளங்கியது: பூந்தோட்டமா.
அது அவள் பாட்டின் சட்டம், 'மா'வில் முடியவேண்டும்.
என் மொழியில் அது கேள்வி.

சவாரியொன்று கைகாட்டியது. போகவிட்டேன்.
வாய் திறந்து கிடந்த பானையை ஒருதரம் தட்டி
போனில் பிடித்தேன்.
பின்னணியில் பஸ் ஹோர்ன்,
முகாம் கேற் இழுபடும் சத்தம்.
இன்னும் அனுப்பவில்லை.