கடைசி வரி

சிராகியூஸில் அன்று பனி முழங்கால்வரை.
மேலாளர் சீட்டை நீட்டினார்:
ஒரு பெயர் எழுது, நம் அணிக்காரன் கூடாது.
ஆண்டின் ஆட்டக்காரனை அப்போதெல்லாம்
ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுத்தார்கள்.
அது பத்திரிகைக்காரர் கைக்குப் போக
இன்னும் இருபது வருடம் இருந்தது.

டுடெக் பென்சில் இரவல் வாங்கினான்.
யார் பெயர் என்பது ஊருக்கே தெரியும்:
கதவு நிலையில் தலை இடிக்கிறவன்,
நினைத்தால் ஐம்பது புள்ளி எடுக்கிறவன்.
இவன் நாக்கோ
உடைந்த கடைவாய்ப் பல்லைத் தடவிக்கொண்டிருந்தது.
கோட்டைத் தாண்டிவிட்ட பந்துக்கும்
விழுந்தடித்துப் பாய்ந்த ஒருவனின் முழங்கை அது.
சின்சினாட்டி ப்ளெட்சோ.
பதினோரு நிமிடம் ஆடினான். நான்கு புள்ளி.
பிறகு துண்டில் ஐஸ் சுற்றி
எதிரணி அறைவரை வந்து கொடுத்துவிட்டுப் போனான்.

எழுத்துக்கூட்டி எழுதினான் டுடெக்.
எட்டாக மடித்தான்.

வசந்தத்தில், செய்தித்தாளின் அடியில்,
எறும்பெழுத்தில் வாக்குக் கணக்கு.
கடைசி வரி: ப்ளெட்சோ, 1.

சமையலறையில் நின்றபடி
இரண்டு முறை படித்தான் ப்ளெட்சோ.
அச்சுப்பிழையா, என்றாள் மனைவி.
இருக்கும், என்றான்.
சற்றுப் பொறுத்து,
கத்தரிக்கோல் எந்த இழுப்பறையில் என்று கேட்டான்.