அதே ரிம்

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
மேம்பாலத்தின் நிழல் எட்டாத பக்கம்
முபாரக் கடை.
காலை பத்தரைக்கே தார் இளகிச்
செருப்பைப் பிடித்து இழுக்கிறது.

"நூத்தி அறுபத்தஞ்ச கழட்டிட்டு
நூத்தி எண்பத்தஞ்சா?
அப்ப வீலும் மாத்திடுக்கா."
"வீல் இதேதான்."
"அலாய் வேணாம், ஸ்டீல்லயே அகலமா..."
"இதேதான் தம்பி."

டேப்பை ரிம்மின் வாயில் வைத்துப் பார்த்தான்.
"அஞ்சு இஞ்சு.
இந்த டயர் அஞ்சரை கேக்கும்.
அஞ்சுலயும் உக்காரும்.
இன்னா, கொஞ்சம் தொப்பை தள்ளும்."

ஐப்பசியில் ஒரு ராத்திரி
காட்பாடியில் ரெண்டரை மணி வண்டிக்கு நின்று
தன்பாத்திலிருந்து வந்த இருவரை ஏற்றினேன்.
பாலாற்றுப் பாலத்தில் மழை.
ஆற்றில் இல்லாத தண்ணீர்
பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.
குறுக்கே ஒரு நாய்.
மிதித்தேன்.
நிற்பதா என்று யோசித்துவிட்டு
நின்றது வண்டி.
நாய் போய்விட்டது.
பின்சீட்டில் அந்த அம்மாள்
எக்ஸ்ரே உறையை இரண்டு கையாலும்
மார்போடு அழுத்திக்கொண்டிருந்தார்.
பிழைப்பதற்காக
ரெண்டு ராத்திரி ரயிலில் வந்தவர்.

இதைச் சொன்னதும் முபாரக்
கழற்றிய டயரைத் திருப்பிக் காட்டினான்.
பட்டன் தேய்ந்து பளபளத்தது.
"தேஞ்சது பண்ண வேலைக்கா.
ஒல்லியா இருந்ததால இல்ல.
இதே அளவு புதுசு போட்டாலும் நிக்கும்."
"தெரியும்."
"அப்புறம் இன்னாத்துக்கு?"

வண்டி தரையை
இன்னும் ரெண்டு விரற்கடை
பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்று.
அதை அவனிடம் சொல்லவில்லை.
"போடு" என்றேன்.

சோப்புத் தண்ணீர் தடவி
மிஷினில் சுற்றி
காற்றை விட்டான்.
டயர் முதலில் முரண்டு பிடித்தது.
பிறகு உள்ளே எங்கோ
டப்.
நாலு கடை தள்ளி டீ ஆற்றுகிறவர் திரும்பினார்.
இன்னொரு டப்.
உட்கார்ந்துவிட்டது.
ரெண்டு பக்கமும் கன்னம் உப்பி
சாப்பாட்டை வாயில் அடக்கிய பிள்ளை மாதிரி.

கொசப்பேட்டையில் ரெண்டு அறை எங்களுக்கு.
ஆனி மாதம் ஜெசிந்தா வந்தாள்,
ரெண்டு பிள்ளைகள், ஒரு தையல் மிஷின்,
நெற்றியில் தையல் போட்ட காயம்.
எத்தனை நாளைக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.
வீட்டுக்காரர் கேட்டார்.

"மைலேஜ் ஒண்ணு குறையும்.
ஸ்டீரிங் கொஞ்சம் கனக்கும்.
மீட்டர் துளி அதிகமா காட்டும்க்கா."
காட்டுகிறது.
பெங்களூர் ஏர்போர்ட் போய் வந்தால்
மூன்றரை கிலோமீட்டர் சும்மா ஏறுகிறது.
பில் எழுதும்போது கழித்துவிடுகிறேன்.
கழிக்காத நாளும் உண்டு,
பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை ஒடித்துத் திருப்பினால்
சக்கரம் உள்ளே எதிலோ உரசுகிறது.
சர்ரக்.
பின்னாலிருந்து "க்யா ஹுவா?"
"நயா டயர்."
புதுசு என்றால் எல்லோரும் சமாதானமாகிவிடுகிறார்கள்.

இப்போது முழுக்க ஒடிப்பதில்லை.
நாலடி முன்னே போய்
வட்டத்தைப் பெரிதாக்கித் திருப்புகிறேன்.
ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தாலும்
சுவரோரமாகச் சுற்றித்தான் குடத்துக்குப் போகிறேன்,
சின்னவன் குறுக்கே கால் நீட்டித் தூங்குவான்.

மழையில் நன்றாக நிற்கிறது.
அதைச் சொல்லத்தான் வேண்டும்.

டிக்கியில் ஸ்டெப்னி மட்டும்
பழைய நூற்று அறுபத்தைந்து.
அதற்குக் காசு எட்டவில்லை.
நாலில் ஒன்று போனால்
ஒல்லிக்கால் ஒன்றும் தடிக்கால் மூன்றுமாக
முபாரக் கடை வரை
மெல்லப் போய்ச் சேர வேண்டும்.