பூக்கட்டிப் பார்த்தல்

நாற்பத்தொரு வயதில் மறுபடி மாணவி.
செவ்வாய்தோறும் மதியம் இரண்டரைக்கு
கான்டோஸ் ஆஸ்பத்திரியின் பழைய சலவைக்கூடத்தில் வகுப்பு.
சொல்லிக்கொடுக்கும் அனாயெல்
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள்.
பலகையில் கணக்கெழுதிவிட்டு
விரல் மையைப் பாவாடையிலேயே துடைப்பாள்.

பதினேழு வருஷமாய்ப் புண் கட்டியவள் நான்.
சர்க்கரையில் கறுத்த பெருவிரல் தேறுமா போகுமா,
வாடையிலேயே சொல்வேன்.
அந்த மூக்கை நம்பாதே
என்பதுதான் முதல் பாடம்.

தேன் தடவிய துணி ஒன்று.
வெள்ளி கலந்த துணி ஒன்று.
எந்தக் காலுக்கு எது என்பதை
நான் முடிவுசெய்யக் கூடாது, டாக்டரும் கூடாது.
ஒட்டிய உறைக்குள் இருக்கிறது சீட்டு.
அனாயெல் ஒரு மணி நேரம் விளக்கினாள்.
எனக்கோ, அக்காள் வரனுக்கு அப்பா
கோயிலில் பூக்கட்டிப் பார்த்தது நினைவு வந்தது.
சிவப்பா வெள்ளையா,
பொட்டலத்தை எடுத்தது யார் வீட்டுக் குழந்தையோ.
அங்கே உள்ளிருப்பவனுக்குத் தெரியும் என்று நம்பினோம்.
இங்கே ஒருவருக்கும் தெரியாது,
அதை நம்பித்தான் எல்லாம்.

இருபத்து மூன்றாம் எண்.
பெயர் எழுதக் கூடாது;
ரோஸ் பெல் பஸ்ஸில் கண்டக்டர், அவ்வளவுதான்.
தேன் விழுந்தது அவருக்கு.
தைப்பூசத்தன்று வெறுங்காலில் காவடி தூக்கி
மலைக்கோயில் படியெல்லாம் ஏறிவிட்டு
புண்மேல் மஞ்சளும் விபூதியும் அப்பிக்கொண்டு வந்தார்.
துணி எந்தக் குப்பையிலோ.

"இவரை எடுத்துவிடலாமா?"
"கூடாது. தேன் விழுந்தால் தேன்தான்.
கட்டினாலும் கட்டாவிட்டாலும்."

உதவித்தொகை ஜூனில் முடிகிறது.
வார்டில் என் இடத்துக்கு வேறொருத்தி வந்து
என் அலமாரியில் அவள் செருப்பு.
அடுத்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி:
ஐந்தாண்டில் எங்கே இருப்பீர்கள்?
எனக்கு விழுந்த சீட்டு எது,
எந்தப் பக்கம் எண்ணுவார்கள் என்னை?

முடிவு வந்த அன்று
உள்ளுக்குள் தேன் ஜெயிக்கட்டும் என்றிருந்தேன்.
யாரிடமும் சொன்னதில்லை.
'வித்தியாசம் இல்லை' என்று எழுதினேன்.
அனாயெல் 'இல்லை'யை அடித்து
மேலே நெருக்கி எழுதச் சொன்னாள்:
'தெரியவில்லை.'
இரண்டும் ஒன்றல்ல என்றாள். அல்லதான்.
அன்றிரவு வெகுநேரம் தூங்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் அவர்,
இடது காலில் பெரிய சைஸ் சப்பாத்து.
"அப்புறம், எது ஜெயித்தது?"
"தெரியவில்லை... அதாவது..."
என்று நான் வாக்கியத்தை முடிப்பதற்குள்
ஸ்டாப் வந்துவிட்டது.
மணியடித்துவிட்டார்.