பிடரி

நுகாதா ஷுன்பெய்யின் முகம்
எனக்குச் சரியாகத் தெரியாது.
பதினொரு ஆண்டுகள் பார்த்தது பிடரியைத்தான்.
உச்சியில் இரண்டு சுழி.
மழையில் ஆடும்போது
தண்ணீர் ஒன்றில் வலமாகவும்
மற்றதில் இடமாகவும் சுற்றி இறங்கும்.
அதைப் பார்த்தே
அவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று சொல்லிவிடுவேன்
எனப் பீற்றிக்கொண்டிருந்தேன்.
பொய்.
ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை.

அவன் முன்கள ஆட்டக்காரன்.
நான் அவனைத் தடுக்க நிறுத்தப்பட்டவன்.
எங்கள் இருவருக்கும் சம்பளம்
அவன் சட்டையின்
அதே ஒரு பிடித் துணிக்குத்தான்.

முதல் தடவை நோஷிரோவில்.
கடல்காற்றில் மூலைக்கொடி முறிந்து விழுந்தது.
பார்க்க வந்தவர்கள் எண்ணூற்றுச் சொச்சம்,
அதில் பாதிப்பேர்
பன்றிக் குழம்புக் கூடாரத்தின் வரிசையில்.
எண்பத்தெட்டாம் நிமிடம்
பந்து அவன் முழங்காலில் பட்டதா
தாடையில் பட்டதா தெரியவில்லை,
வலைக்குள் கிடந்தது.
மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை
"பிறவிக் கலைஞன்" என்றது.
எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

ஒரே ஒரு வசந்தத்தில்
முதல் பிரிவுக்குப் போனான்.
தொலைக்காட்சியில் தேடிப் பார்ப்பேன்:
கோல் கம்பத்துக்குப் பின்னால்
மஞ்சள் மேலாடையில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருப்பான்.
பதினோரு ஆட்டம் சூடேற்றினான்.
பன்னிரண்டாவதில் உள்ளே விட்டார்கள், நான்கு நிமிடம்.
பந்து அவன் பக்கமே வரவில்லை.
அடுத்த வாரம் பயிற்சியில் முழங்கால்.

பிறகு இரவல்.
மருகாமேக்கு ஒரு பருவம்,
யாட்சுஷிரோவுக்கு ஒன்றரை.
இரவல் போன புத்தகம் திரும்பாது என்பார்கள்.
இவன் ஒவ்வொரு முறையும் திரும்பினான்,
ஓரம் மடங்கி.
மருகாமேயில் ஊடோன் ஆலைதான் புரவலர்;
அகப்பையும் கையுமாக
ஊர்ப் பேருந்துகளின் முதுகில் ஒட்டப்பட்டு
ஆறு மாதம் சிரித்துக்கொண்டே போனான்.
அந்த வருடம் இரண்டே கோல்.

மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு ஆட்டம்,
நாற்பத்தேழு கோல்.
ஒன்பது என்னைத் தாண்டிப் போனவை.
பத்தாவது
என் இடுப்பில் பட்டுத் திரும்பியது.
அதை என் பெயரில் எழுதிக்கொண்டார்கள்.
நியாயப்படி அது அவனுடையது.
எங்கே போய் முறையிடுவது?

நவம்பர் கடைசியில் கிளப் உறை தரும்.
நீக்கம் என்ற சொல் அதில் இருக்காது.
அடுத்த ஆண்டுச் சம்பளம்: பூஜ்யம் யென்.
மரியாதையான ஊர்.
அந்தச் சுழியைக்கூட
கோணாமல், வாய் மூடி வரைந்திருப்பார்கள்.
எனக்கு வியாழக்கிழமை வந்தது.
அவனுக்கு என்றைக்கு என்று கேட்கவில்லை.
டிசம்பரில், வேலை போனவர்களுக்கான தேர்வாட்டத்தில்
உடைமாற்றும் அறை பெஞ்சில்
அந்த இரண்டு சுழிகளைப் பார்த்தேன்.
நடுவில் முடி கொட்டி
ஒன்றையொன்று தொட ஆரம்பித்திருந்தன.

எங்கள் இருவருக்கும் பச்சை மேலாடை.
ஒரே அணி, முதல் முறையாக.
அவன் முதுகில் கை வைக்க
இனி எனக்கு வேலை இல்லை.
கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

பத்தொன்பதாம் நிமிடம் பந்து என் காலில்.
முன்னால், வெகு தூரத்தில்,
அவன் திரும்பினான்.
நெற்றியில் பழைய தையல், மேலே ஏறிய ஒரு புருவம்.
இதுதானா உன் முகம்!
கையை உயர்த்திக் கேட்டான்.
என் வாழ்நாளில் அப்படி ஒரு பந்தை
நான் உதைத்ததில்லை.
இடது தோளுக்கு மேலே வந்ததை
ஒரே தொடுதலில் இறக்கி, கீப்பரைச் சுற்றி,
வலை அசைந்தது.

கொடி ஏறியிருந்தது.
ஆஃப்சைடு, ஒரு முழம்.
ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்
எழுதத் தூக்கிய பேனாவைக் கீழே வைத்தார்கள்.

பிறகு தானியங்கி இயந்திரத்தில்
சோளச் சூப் டப்பா இரண்டு எடுத்தான்.
டப்பாவின் அடியில் ஒட்டிய சோளத்தை
தட்டித் தட்டி இறக்கியபடி சொன்னான்:
"முன்பெல்லாம் நீ சட்டையைப் பிடிப்பாய்.
அதில்தான் எனக்குக் கோட்டின் கணக்குத் தெரியும்."

ஜனவரியில் எனக்கு ஒரு தொலைபேசி வந்தது.
அவனுக்கு வந்ததா தெரியாது.