இருமுறை நிறுத்தல்

ஊத்தான் மெலிந்தாங், செம்பனை ஆலை.
எடைமேடைக்குப் பக்கத்தில் கண்ணாடி அறை,
உள்ளே நான், ஒரு பழைய கணினி,
அதற்குள் மெங் எழுதிவிட்டுப் போன
பதினோராயிரம் வரி சி நிரல்.
மெங் இப்போது பெர்த்தில் கோழி வறுக்கிறான்.
நிரலின் தலையில் மலாயில் ஒரே குறிப்பு:
ஓடுகிறது, தொடாதே.

சிலம்பாயி சன்னலுக்கு வந்தாள்.
ஏழு ஏக்கர், இரண்டு வாரத்துக்கு ஒரு லோரி.
குலை குலையாகத் தோட்டத்திலேயே
தூக்குத் தராசில் போட்டு எழுதிக்கொள்கிறவள்.
"எங்க லோரிக்கு மட்டும்
தொண்ணூறு கிலோ எங்க தம்பி போவுது?"

சோதனைக் கற்களை ஏற்றிப் பார்த்தேன்.
மேடை பிசகவில்லை. சொன்னேன்.
"கல்லு சொன்ன பேச்சு கேக்கும்" என்றாள்.

அன்றிரவு மழை. கோப்பைத் திறந்தேன்.

முன்செயலி என்று ஒருவன் இருக்கிறான்.
தொகுப்பி கண்விழிக்கும் முன்பே
நிரலுக்குள் ஒரு சுற்று நடந்து
ஒரு சொல்லைக் கண்ட இடமெல்லாம்
இன்னொன்றை ஒட்டிவிட்டுப் போகிறவன்.
பொருள் தெரியாது. ஒட்டத் தெரியும்.
என் அடையாள அட்டையில்
என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே
அ/லெ என்று ஒரு சாய்கோடு.
அதை விரித்து வாசிக்கிற எந்த முகப்பிலும்
அப்பாவை யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.
அப்படித்தான்.

மெங் ஒரு மேக்ரோ செய்திருந்தான்.
இரண்டைக் கொடுத்தால் பெரியதைத் தரும்.
அடைப்புக்குறிகளில் கஞ்சத்தனமே இல்லை,
ஒவ்வொன்றுக்கும் மேல்சட்டை, உள்சட்டை.
ஆனால் அதன் வாயில்
எண்ணைக் கொடுக்கவில்லை,
'எடையை வாசி' என்ற ஏவலைக் கொடுத்திருந்தான்.
விரித்தபோது ஏவல் இரண்டாகிவிட்டது.
குறைந்தபட்சத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்க
ஒரு வாசிப்பு.
தாண்டுகிறது என்றதும்
சீட்டில் அச்சடிக்க
மறுபடி ஒன்று.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பீப்.
இடையில் நான்கு விநாடி.

நான்கு விநாடியில் என்ன குடிமுழுகிவிடும்?

காலையில் பார்த்தேன்.
லோரி ஏறியது. முதல் பீப்.
சங்கிலி கதவைத் திறந்து குதித்தான்,
கைலியை மடித்துக் கட்டியபடி
நேரே மாமாக் கடைத் தே தாரேக்குக்கு.
இரண்டாவது பீப்
அவன் முதுகுக்குப் பின்னால் கேட்டது.
பழம் கொட்டித் திரும்பும்போது
இருக்கையில் நிறைந்து உட்கார்ந்திருந்தான்,
வெற்று லோரியோடு அவனும் எடையில்.
அங்கே மெங் மேக்ரோ போடவில்லை,
நேராக ஒரே வாசிப்பு.

மற்ற ஓட்டுநர்கள் சீட்டு வரும்வரை
கைப்பேசி பார்க்கிறவர்கள்.
சிலம்பாயியின் பழத்திலிருந்து மட்டும்
நடைக்கு ஒரு சங்கிலி
கழிந்துகொண்டே இருந்தான்.

அவனிடம் சொன்னேன்.
வயிற்றைத் தடவினான்.
"அப்போ நான் திங்கிற ரொட்டிச் சானாயும்
அந்தம்மா கணக்குலயா?"
சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டான்.

திருத்தம் இரண்டே வரி.
ஒருமுறை வாசி, ஒரு மாறியில் வை,
மாறியை மேக்ரோவுக்குக் கொடு.
இப்போது ஒற்றை பீப்.
இறங்குகிறவன் இறங்கட்டும்.

"சரியாகிவிட்டதல்லவா, முடிந்தது"
என்றார் மேலாளர் ஹஃபிசுடின்.
கணினியில் தொண்ணூறு நாள் பதிவுதான் தங்கும்,
அதற்கு முந்தியதை அதுவே தின்றுவிடும்.

சிலம்பாயி அரிசிப் பையை அவிழ்த்தாள்.
ஆறு வருடம், ஆறு நோட்டுகள்.
"நூத்தி அம்பத்தி மூணு நடை.
மூணு நடை வெள்ளத்துல போகல,
அத நான் சேக்கல."

கண்ணாடிக்குக் கீழிருந்த சந்தில்
முதல் நோட்டு மட்டும் நுழைந்தது.
ஹஃபிசுடினுக்குத் தமிழ் தெரியாது,
எண்கள் தெரியும்.
முதல் பக்கத்தை மேலிருந்து கீழே
ஒருமுறை வாசித்தார்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி வாசித்தார்.
இம்முறை எதுவும் குறையவில்லை.