அட்டை கிட்டார்

சனிக்கிழமைதோறும்
ஆர்வில் ஸ்ட்ராண்டின் பழைய சாமான் கடைக்குள்
அட்டையில் வெட்டிய கிட்டாரை அக்குளில் இடுக்கி நுழைவேன்.
"இன்றைக்கு என்ன சொல்கிறது, ஹில்யா?" என்பான்.
அது வாய் திறந்து மாதம் ஐந்தாகிறது.

நிஜக் கிட்டார் வீட்டில், கம்பளிக்குள்.
அளவுகோலை நம்பாத எவனோ
ஏரிக்கரைக் கொட்டகையில் செய்திருக்க வேண்டும்:
தோள் சிறுமிக்கு, இடுப்பு குளவிக்கு,
அடிப்பாகம் மட்டும் மூன்று பெற்றவளுக்கு.
பெரிய பெட்டியில் உருள்கிறது.
சின்னதில் வைத்தால் மூடி கொட்டாவி விடுகிறது.
புதிதாய்ச் செய்ய எண்ணூறு டாலர் கேட்டார்கள்.
கிட்டாருக்கே நான் தந்தது எழுபது.
யானையை வாங்கியாயிற்று,
அங்குசத்துக்கு அலைகிறேன்.

டுலூத்தில் பெட்டிக்கா பஞ்சம்.
ஒன்றில் தூண்டில்கள், ஒன்றில் யாருடைய வருமான வரியோ,
ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது
(அதன் அளவு கிட்டத்தட்ட சரி,
பூனைதான் சம்மதிக்கவில்லை).

துறைமுகத் தானியக் கிடங்கில் எடை பார்ப்பவள் நான்.
லாரிக்கு இருபது பவுண்டு முன்பின் இருந்தால்
கண்டுகொள்ளக் கூடாதென்பது விதி.
இந்த அட்டையோ
கால் அங்குலம் விட்டுத்தராது.

மார்ச்சில், பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு அடியில், அது.
ரெக்சின் உரிந்து,
கைப்பிடியின் இடத்தில் நைலான் கயிறு,
உள்ளே நனைந்த நாயின் வாடை.
அட்டையைக் கிடத்தினேன்.
இடுப்பில் மட்டும் இடித்தது.
"பன்னிரண்டு டாலர்."
"நாயோடு சேர்த்தா?"
"நாய் இலவசம்."

ஒரு வாரம் சமையல் சோடா. ஒரு வாரம் கரித்துண்டு.
பனி விலகாத முற்றத்தில்
வாய் பிளந்து வெயில் காய்ந்தது.
வெண்ணெய்க் கத்தியால் பழைய துணியைப் பெயர்த்தேன்.
மூடியின் உட்பக்கம், தலை வரும் இடத்தில்
முடுக்காணிகள் தேய்த்த குழிகள்:
இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் ஐந்து.
திரும்பவும் எண்ணினேன். ஒன்பது.
என்னுடையதைவிட விசித்திரமான ஒன்று
இதற்குள் நெடுங்காலம் தூங்கியிருக்கிறது.
அந்தக் குழிகளின் மேல் மட்டும்
உப்புத்தாள் தேய்க்கவில்லை.

இடுப்புக் கட்டையை அரம் போட்டுக் கரைத்தேன்.
பிளந்த மூலைகளுக்கு மரப்பசை, இடுக்கி, இரண்டு இரவு.
வெளுத்த கறுப்புக்குச் சப்பாத்துப் பாலிஷ்.
கயிற்றை அறுத்துவிட்டு
என் பழைய இடுப்பு வார்.

துணிக்கடையில் ஜெனீவ் வெல்வெட்டை விரித்தாள்.
"எதற்கு?"
"பெட்டிக்கு. உள்ளே விரிக்க."
கத்தரி நின்றது. குரல் இறங்கியது.
"எவ்வளவு நீளம்?"
"முப்பத்தொன்பது அங்குலம்," என்றேன், யோசிக்காமல்.
அவள் கண் நிறைந்தது.
நான் பதறிப்போய் விளக்கி முடிப்பதற்குள்
ஒரு கஜம் கூடுதலாக வெட்டியிருந்தாள்.
விளக்கிய பிறகும்
அதற்குக் காசு வாங்கவில்லை.

இப்போது கிட்டார் படுக்கிறது.
மூன்றாவது கொக்கி மட்டும்
என் இடுப்பால் ஒரு இடி கேட்கும்.
கொடுக்கிறேன்.

மே மாதம், ஏரியில் பனிக்கட்டி உடைந்து
முதல் கப்பல் ஊதிய வாரம்,
ஆர்வில் தொலைபேசினான்:
"அட்டையை எடுத்துக்கொண்டு வா."

வால்நட் பலகை. பித்தளைக் கொக்கிகள்.
அளவுகோலை நம்பாத அதே கை;
பார்த்ததுமே தெரிந்தது.
அட்டையை இறக்கினேன்.
தோள், இடுப்பு, அடி, கழுத்து,
சுற்றிலும் ஒரு மயிரிழை நுழைய இடமில்லை.
விலை பதினைந்து.

மூடினேன். ஒன்று, இரண்டு,
மூன்றாவதும் சொன்ன பேச்சு கேட்டது.
"எடுத்துக்கொள்கிறாய்தானே?" என்றான்.
பேருந்தில் பக்கத்து இருக்கையைக் கேட்டால்
சொல்வதுபோல் சொன்னேன்:
"ஆள் இருக்கிறது."

ஐந்து மாதத்துக்குப் பிறகு
இரண்டு கையையும் வீசிக்கொண்டு
மேட்டுத் தெருவில் ஏறினேன்.