பதினெட்டாயிரத்து ஐந்நூறு

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு
முதலில் என் சுட்டுவிரலைக் காட்டுவேன்.
இடது கை. ஓரத்தில் ஒரு கீறல்.
மலிவான கிற்றாரில்
பிரெட் கம்பிகளின் முனையை யாரும் அராவுவதில்லை.
அந்த அரைமணிக் கூலியைத்தான்
விலையில் கழித்திருக்கிறார்கள்.

உப்புவெளியில் விருந்தினர் விடுதி ஒன்று மூடப்பட்டபோது
கட்டில், மின்விசிறி, மீன்தொட்டி
எல்லாம் விலைபோன பிறகு
சுவரில் தனியாய்த் தொங்கியது.
சிவப்பு. தலையில் பெயர் உரிந்து
ஏதோ ஓர் எழுத்தின் வால் மட்டும்.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு என்றார்கள்.
மீன்தொட்டி அதைவிடக் கூட.

திருகுகளைக் கழற்றினேன்.
உள்ளே ஒட்டுப்பலகை,
வேஃபர் பிஸ்கட் மாதிரிப் படை படையாய்.
மத்திய வீதியில் மூன்றடி மேசை வைத்து
கைபேசி திருத்துகிறவள் நான்.
வயர்களைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது:
ஈயம் பிடிக்காமலே
பிடித்ததுபோல் நடித்துக்கொண்டு நின்றன.

சுருதி ஒரு பாட்டு முடியுமட்டும் நிற்காது.
இரண்டாம் கம்பி
மூத்தூர் லோஞ்ச் போல, புறப்பட்டால் புறப்பட்டதுதான்.
ஆறு முறுக்குச் சாவியும் மாற்றினேன், ஏழாயிரத்து இருநூறு.
அது நாலு ஸ்கிரீன் உடைந்த வாரம்.
பிக்கப் ஒன்பதாயிரத்து எண்ணூறு,
பெருநாளுக்கு முந்தின கூட்டத்தில் வந்த காசு.
வொலியூம் குமிழும் வயரும் ஆயிரத்து ஐந்நூறு.
கம்பி தாங்கும் சிறு கட்டை பிளாஸ்டிக்காய் இருந்தது.
கிண்ணியாவில் சாபிரின் இறைச்சிக்கடையில்
ஒரு துண்டு எலும்பு கேட்டேன்.
சூப்புக்கா என்றான்.
இல்லை, மேஜர் ஏழுக்கு என்றேன்.
காசு வாங்கவில்லை. பாவம், பயந்திருப்பான்.

ஓர்ஸ் ஹில் டெரன்ஸ் றொசைரோவிடம்
மெல்பனிலிருந்து மகன் அனுப்பிய கிற்றார் இருக்கிறது.
பெட்டிக்குள்,
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களுக்கு நடுவில்.
கடற்காற்றுக்கு வெளியே எடுக்கமாட்டார்.
அவர்தான் கூட்டிப் பார்த்தார்.
“போட்டது பதினெட்டு ஐந்நூறு.
வாங்கின விலைக்கு இன்னொருக்கா வாங்கியிருக்கிறாய், பிள்ளை.
முப்பத்தேழாயிரத்தைச் சேர்த்து வைச்சிருந்தா
நல்லதொண்டு வாங்கியிருக்கலாம்.”

கணக்குச் சரி.
ஆனால் சேர்த்து வைத்திருக்கமாட்டேன்.
சேரும் காசுக்கு எங்கள் வீட்டில்
காஸ் சிலிண்டர் என்று பெயர்,
பள்ளிக்கூட வான் என்று பெயர்.
இது சேராத காசு.
மாதம் ஓர் உறுப்பாய் வந்தது.

விற்றால் பதினைந்தும் தேறாது.
அதையும் சொல்லிவிடுவேன்.
டச்சுக்குடா உப்பில்
புதுக்கம்பி மூன்று கிழமைதான்;
மார்கழி வாடைக்குக் கழுத்து ஊதும்,
கம்பி எழும்பி நிற்கும்,
சாவி போட்டுத் திருப்பவேண்டும், கால் சுற்று,
பிறகு பங்குனியில் திரும்ப.
கழுத்து முறுகியிருந்தால் மட்டும்
விலை கேட்காமல் நடந்துவிடுங்கள்.
மற்றதெல்லாம் திருகுதான்.

நேற்று நவரதி கேட்டாள்,
துறைமுகத்தில் கணக்கெழுதுகிறவள்,
முப்பத்தாறு வயதில் திடீரென்று ஆசை வந்தவள்:
“வடிவாச் சொல்லு. வாங்கட்டா, வேண்டாமா?”

அம்பைப் போட்டுக் கிற்றாரை மடியில் கொடுத்தேன்.
கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மானொன்று
படியில் நின்று குப்பைப் பையை மென்றது.
கிற்றார் இரைந்தது,
குளிர்சாதனப் பெட்டி மாதிரி.
“பழுதா?”
கம்பியில் கை வை என்றேன்.
வைத்தாள். அடங்கியது.
எடுத்தாள். இரைந்தது.
வைத்தாள்.
எடுத்தாள்.
ஆறேழு தரம், சிரித்துக்கொண்டே.

உள்ளே செப்புத்தாள் ஒட்டினால் அந்த இரைச்சல் போய்விடும்.
ஆயிரத்து இருநூறு. டெரன்ஸின் கணக்கில் அது இல்லை.
வாங்கி மூன்று மாதம்,
லாச்சிக்குள் சுருளாய்க் கிடக்கிறது.
ஏன் ஒட்டவில்லை என்றாள்.
நேரமில்லை என்றேன்.